மேற்பார்வையாளர் கையொப்பம்

எங்கள் பள்ளியின் மாணவர் கௌரவக் கழக விழாவில் நான்கு மெழுகுவர்த்திகள் ஏற்றுவோம். படிப்பு, சேவை, தலைமை, நடத்தை. அதில் நான்காவது மட்டும் மூணு வருஷமாக நின்று எரிவதில்லை. திரியை மாற்றினேன், மெழுகை மாற்றினேன், போன வருஷம் மேடையையே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றினேன். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் அதுபாட்டுக்கு அணைந்துவிடும்.

“ஹீட்டர் காத்துங்க, மிசஸ் ஹேவர்கேம்ப்,” என்பார் துப்புரவாளர் ப்ரூயிட்.

“மத்த மூணுக்கும் அந்தக் காத்து அடிக்காதா?” என்று எரிந்து விழுவேன். பாவம், அவர் என்ன செய்வார். அது எதற்கு அணைகிறது என்று எனக்குத் தெரியும்.

இருபத்தாறு வருஷமாக இந்த ஒஹாயோ ஊரில் வேதியியல் வாத்தியார் நான். கழகத்தின் பொறுப்பும் என் தலையில்தான். யாரைச் சேர்ப்பது என்று ஐந்து ஆசிரியர்கள் கூடி ஓட்டுப் போடுவோம். சேர்ந்தவர்களுக்குப் பட்டமளிப்பு நாளில் கழுத்தில் தங்கநிறக் கயிறு. கல்லூரி விண்ணப்பத்தில் கூடுதலாக ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக உயிரை விடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒடெட் பியாலெக் விண்ணப்பித்தாள். மதிப்பெண்ணில் குறை சொல்ல முடியாது. சேவைப் படிவத்தில்தான் விவகாரம். மற்ற பிள்ளைகள் நூலகம், தேவாலயம், நாய்க் காப்பகம் என்று எழுதியிருந்த இடத்தில் இவள் ‘வீடு’ என்று எழுதியிருந்தாள். மணிக்கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது. மேற்பார்வையாளர் கையொப்பம் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், கோணல்மாணலாக.

“ஏன் லோர்னா, வீட்ல பாத்திரம் கழுவினதுக்கெல்லாம் மெடலா?” என்றார் வரலாற்று ஆசிரியர் கில் ட்ராஸ்க். “அப்ப என் பொண்டாட்டிக்கு ரெண்டு குடு!”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அதோடு விட்டேனா? படிவத்தைக் கையிலெடுத்து, அம்மாவின் கையெழுத்திலும் மகளின் கையெழுத்திலும் பெயரின் கடைசி எழுத்துக்கு ஒரே மாதிரி வால் இருப்பதைக் காட்டினேன். என்னமோ பெரிய துப்பறியும் புலி என்று நினைப்பு. “பொண்ணே போட்டிருக்கா. சேவையில்லைங்கிறதுகூட இருக்கட்டும், நடத்தையே இல்லை,” என்றேன். சேர்க்க வேண்டாம் என்று ஐந்துக்கு ஐந்து ஓட்டு. வீட்டுக்கு ஒரு போன் அடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அடிக்கவில்லை.

மறுநாள் ஒடெட் ஆய்வகத்துக்கு வந்தாள். “மிஸ், எது தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்.”

“குழு காரணம் சொல்றதில்லைம்மா. அது விதி.”

“சரி மிஸ்,” என்று நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். அவள் கல்லூரிக்குப் போகவில்லை. கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த ஜனவரியில் வேலை முடிந்து திரும்பும்போது பனியில் கார் சறுக்கிப் பாலத்துச் சுவரில் மோதியது. அதற்குப் பிறகு வந்த முதல் விழாவில்தான் நான்காவது மெழுகுவர்த்தி அணைந்தது.

இந்த மார்ச்சில் அவள் தங்கை மாரென் விண்ணப்பம் கொண்டுவந்தாள். மேலே ‘வீடு’. கீழே அதே கோணல் கையொப்பம்.

“இதை யார் போட்டது?”

“அம்மா, மிஸ். அவங்களுக்கு நரம்பு வியாதி. விரல் சொன்ன பேச்சைக் கேக்காது. கீழ ஒரு கை குடுத்தா எழுதிருவாங்க. அக்காதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா.”

அம்மாவின் விரல்களுக்குக் கீழே ஒடெட்டின் கை இருந்திருக்கிறது; அந்த வால் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மாரென் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சிரித்ததையும் சேர்த்து.

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா பொய் சொல்றவன்னு நினைச்சீங்களா?”

“ஆமா.”

“அவ வேற மாதிரி நினைச்சிக்கிட்டா, மிஸ். தனக்குத் தலைமைப் பண்பு இல்லை, அதான் சேக்கலைன்னு. நாலு பேர் முன்னாடி பேச வரலையேன்னு குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுவா. கிடங்குக்குப் போக ஆரம்பிச்ச பிறகும் பழகினா.”

அவளுடைய விண்ணப்பத்தை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

“என் பேரை எழுதுறதுக்கு முன்னாடி அவ பேரை எழுதணும்,” என்றாள். “இல்லைன்னா எனக்கு வேண்டாம்.”

குழுவைக் கூட்டி என் தப்பைச் சொன்னேன். “விதியில வீடுன்னு எங்கயும் இல்லையே, லோர்னா,” என்று முனகினார் ட்ராஸ்க்.

“வீடு கூடாதுன்னும் எங்கயும் இல்லை, கில். நாமளா படிச்சுக்கிட்டது அது.”

மூன்றுக்கு இரண்டு என்று அக்கா, தங்கை இருவருமே தேறினார்கள். ஆனால் சேருகிறவர் கழகப் பதிவேட்டில் தன் கையால் பெயர் எழுத வேண்டும். இறந்தவள் எப்படி எழுதுவாள்? அம்மா எழுதட்டும் என்றாள் மாரென்.

விழா மாலையில் அந்த அம்மாள், வாண்டா பியாலெக், சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்தாள். நான்கு மெழுகுவர்த்திகளும் எரிந்துகொண்டிருந்தன. பதிவேட்டையும் பேனாவையும் அம்மாவின் மடியில் வைத்துவிட்டு மாரென் விலகி நின்றாள்.

“நீங்க கை குடுங்க, மிஸ்.”

வேண்டுமென்றேதான் சொன்னாள். அரங்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து, அந்த மெலிந்த விரல்களுக்குக் கீழே என் கையைக் கொடுத்தேன். அவளால் எங்கே முடியப்போகிறது என்று நானே பேனாவைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். பேனா வரவில்லை. அவள் கை தன் வழியில், மெதுவாக, பிடிவாதமாக நகர்ந்தது. முதல் எழுத்து. இரண்டாவது. எழுதுவது அவள்தான். என் கை வெறும் முட்டு.

பக்கத்தில் நான்காவது மெழுகுவர்த்தி அணைந்து புகை வந்தது. ப்ரூயிட் தீப்பெட்டியோடு ஓடிவருவது தெரிந்தது. நான் நிமிரவில்லை. என்னையறியாமல் அவள் விரல்களை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போலிருக்கிறது.

வாண்டாவுக்குப் பேச்சும் குழறும். ஆனாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அழுத்தாதீங்க,” என்றாள். “ஒடெட் அழுத்தவே மாட்டா.”