பிரம்மநாயகத்தின் பிஸ்கட்

குடத்துத் தண்ணீரையும் ராத்திரிச் சோற்றையும் வாசல் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்த பேராச்சி, சமையல் மேடை மூலையில் மூடியிருந்த எவர்சில்வர் சட்டியைத் திறந்ததும் "ஏயப்பா!" என்று ஓரடி பின்னால் போய்விட்டாள்.

"ஏட்டி கலை, என்னட்டி இது? என் தம்பி போற நாளுலயும் மாவப் பிசைஞ்சு வச்சிட்டுத்தான் போயிருக்கானா? இதையும் கொட்டிருதேன்."

கலைச்செல்வி புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையில் மாவைப் பிசைந்து மூடிவிட்டுச் சற்று நேரம் படுத்த பிரம்மநாயகம் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துக் காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயாகிவிட்டது.

"பொங்கிருக்கா மைனி?" என்று கேட்டாள்.

"என்னது?"

"மாவு. பொங்கிருக்கா?"

"மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கு."

"அதத் தொடாதீங்க."

அந்த மாவின் கதையைச் சொல்ல வேண்டும். பிரம்மநாயகம் மும்பைத் தாராவியில் முப்பது வருஷம் தோல் பை தைத்தவர். கண் மங்கி வேலையை விட்டபின், மொபைலில் ஒரு வெள்ளைக்காரி பிஸ்கட் சுடுவதைப் பார்த்து மனசைப் பறிகொடுத்தார். நாம் டீயில் முக்குகிற பிஸ்கட் இல்லை. ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்துச் சுடுவது. பிட்டால் ஏடு ஏடாகப் பிரிந்து ஆவி வரும். ஒன்றரை வருஷமாக ஞாயிறு தவறாமல் செய்தார். ஒரு ஞாயிறாவது பொங்க வேண்டுமே! ஓவன் இல்லாததால் சட்டியில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்துச் சுட்டு எடுத்தால் கல்லுதான். சந்தில் உள்ளவர்கள் கண்டால் பல்லைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

குற்றம் தண்ணீரில். மகன் மகேஷ்குமாருக்குச் சின்ன வயதில் மஞ்சள்காமாலை வந்து பிழைத்ததிலிருந்து, அந்த வீட்டில் தளபுளவென்று கொதிக்காத தண்ணீருக்கு வேலையே இல்லை. கொதிக்கக் கொதிக்கத் தலையில் ஊற்றினால் ஈஸ்ட் பாவம் என்ன செய்யும், செத்துத்தான் போகும். இன்று பார்த்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகும்போதே கேஸ் தீர்ந்துபோனது. "சரி, ஒரு நாளைக்கு இதுலயே பிசைவோம். இன்னைக்காவது பொங்குதான்னு பாப்போம்" என்றார்.

"ஆமா, பொங்கிக் கிழிச்சுது! போய்ப் படுங்க" என்றாள் கலைச்செல்வி.

முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, அவரிடம் கடைசியாகச் சொன்ன பேச்சு அது. நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு வெந்தது. அவரை வண்டியில் ஏற்றுமுன் அந்தப் பேச்சைப் பொய்யாக்கிவிட வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

"எழவு வீட்டுல இருக்கதெல்லாம் கொட்டணும்லாட்டி" என்றாள் பேராச்சி.

"சமைச்சதத்தான மைனி கொட்டணும்? இது இன்னும் வேகவே இல்லியே."

"வேக வைக்க அடுப்புப் பத்த வைக்கக்கூடாது. உனக்குத் தெரியாதா?"

"இங்க எவ பத்த வைக்கா? பக்கத்துல ஷரீபு வீட்டுல வேகட்டும். இன்னைக்கு நமக்குச் சாப்பாடு வெளிய இருந்துதான வரணும்? அவ கொண்டாரட்டும்."

பேராச்சி தம்பி முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டியை இடுப்பில் வைத்து அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஷரீஃபுன்னிசா கையெல்லாம் மைதாவோடு ஓடி வந்தாள். கடையநல்லூர்க்காரி. வீட்டில் ஓவன் வைத்துப் பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பவள்.

"அக்கா, எனக்குக் கேக்குதான் தெரியும். இத என்ன பண்ண?"

"போட்டுப் பிசையாத. மெதுவாத் தட்டி, சேலைய மடிக்க மாதிரி மூணா மடி. திருப்பித் தட்டு, திரும்ப மடி. டம்ளரக் கவுத்தி நேரா அமுக்கி வெட்டு. திருகிறாத. திருகுனா ஓரம் ஒட்டிக்கிடும், மேல ஏறாது. தட்டுல ஒண்ணோட ஒண்ண ஒட்டி வையி. ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டுதான் எந்திரிக்கும். அரை மணி நேரம் துணி போட்டு மூடிட்டு, அப்புறம் ஓவன்ல வையி."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றுகூட ஒருத்தி முணுமுணுத்தாள்.

"அவரு மாவு பிசையுற பக்கமே நீங்க போக மாட்டீங்களே. எப்படிக்கா இவ்வளவும் தெரியும்?"

"நித்தம் காதுக்குள்ள அதத்தான சொல்லிக்கிட்டுக் கெடந்தாக" என்றாள் கலைச்செல்வி. அவர் கன்னத்தில் உட்கார வந்த ஈயை விரட்டினாள்.

டோம்பிவிலியில் குடியிருக்கும் மகேஷ்குமார் வந்து, அப்பா காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்புறம் ஆக வேண்டியதைப் பார்த்தான். குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, மாலை போட்டு, வாய்க்கரிசியும் போட்டாயிற்று. சந்து முனையில் வண்டி ஹாரன் அடித்தது.

"அம்மா, சயான் சுடுகாட்டுல பன்னெண்டு மணிக்கு டைம் குடுத்திருக்கான். லேட்டாச்சுன்னா நம்பர் போயிரும். தூக்கிருவமா?"

"பத்து நிமிசம்."

பத்து நிமிஷம் போனது. "அம்மா…"

"இன்னும் அஞ்சு நிமிசம்ல."

விட மனசில்லை என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மகேஷ்குமார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்தான். "இன்னும் யாரும்மா வரணும்?" அவள் ஷரீஃபுன்னிசா வீட்டோடு ஒட்டிய சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பேராச்சிதான் மூக்கை உறிஞ்சினாள். பத்தி, ரோஜா மாலை எல்லாவற்றையும் தாண்டி, வெண்ணெய் முறுகும் வாசனை வந்தது.

"தூக்குங்க" என்றாள் கலைச்செல்வி.

தாராவிச் சந்தில் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தாலே ஒருவர் ஒதுங்க வேண்டும். பாடையைச் சாய்த்துச் சாய்த்துக் கொண்டுபோனார்கள். ஷரீஃபுன்னிசா அதே நேரம் தட்டோடு வெளியே வந்தவள், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். தட்டில் பன்னிரண்டு பிஸ்கட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டு விரற்கடை உயரத்துக்கு எழுந்து, மேலே பொன்னிறமாகச் சிவந்து ஆவி விட்டன. முன்பக்கம் தோள் கொடுத்திருந்த மகேஷ்குமார் பார்த்தான். அவன் நின்றதும் பாடையைத் தூக்கிய மற்ற மூன்று பேரும் நின்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலைச்செல்வி முன்னே வந்தாள். ஓரமாக இருந்த ஒன்றைப் பிட்டாள். ஏடு ஏடாகப் பிரிந்தது. விரல் சுட்டதை அவள் பொருட்படுத்தவில்லை.

"பொங்கிருக்குங்க" என்றாள், அவர் காதுப்பக்கம் குனிந்து.

வண்டிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். மகேஷ்குமார் பாடையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தான்.