கொடியில் காய்ந்த சட்டை

அந்தச் சுரங்க நிறுவனம் நிலக்கரியை மட்டுமே தோண்டிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே துளைப்பொறி இயக்குபவர் ஒருவர் இருந்தார். அவருக்கு மேலாளராக வாய்த்தவர் மனைவியின் அண்ணன். கரித்தூசியைவிட மைத்துனரின் வாய்தான் அவருக்கு மூச்சை முட்டியது.

“எல்லாரும் பாத்துக்குங்கப்பா, எங்க வீட்டு மாப்ள இன்னிக்கு முழிச்சுக்கிட்டே வேலை பாக்குறாரு!”

குழி முழுக்கச் சிரிக்கும்.

அந்தச் சிரிப்பு எட்டாத இடம் வேண்டும் என்று, ஊருக்கு வெளியே இருந்த சிறிய சுண்ணாம்புக்கல் குவாரியில் சேர்ந்தார். மைத்துனரிடம் மூச்சுவிடக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கினார். அவளும் சொல்லவில்லை, சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டதோடு சரி.

மழைக்காலம் முடிவதற்குள் குவாரியை நிறுவனம் வாங்கிவிட்டது. பக்கத்திலேயே சிமென்ட் ஆலை எழுந்தது. வாசலில் நிறுவனத்தின் சங்கு ஊதிய முதல் நாளே அந்தக் குரல் கேட்டது: “அட, மாப்ள! நீங்களும் இங்கதானா?”

இரும்புத்தாது வெட்டும் மேட்டுக்கு ஓடினார். மேடும் நிறுவனத்துடையதாயிற்று. செம்புக் குழிக்குப் போனார். அதுவும் அப்படியே. மைத்துனர் பெரிய மேலாளரானார். பாராட்டு விருந்தில் தங்கை கணவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்கு வருவேன். கொடியில மாப்ள சட்டை தொங்கும். மடிப்புல விரல வெச்சா வெள்ளை, சிவப்பு, பச்சை… எங்க என்ன மண்ணுன்னு சட்டையே சொல்லிரும். கம்பெனி இப்படித்தான் வளந்துச்சு!”

துளைப்பொறிக்காரர் பாதிச் சோற்றோடு இலையை மூடினார். தப்பி ஓடிய ஒவ்வொரு முறையும் அவரே முன்னால் நடந்து வழி காட்டியிருக்கிறார்.

இனி மண்ணே வேண்டாம் என்று ரொட்டிக்கடை ஒன்றில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே யாரும் அவரை மாப்ள என்று அழைக்கவில்லை. சில வாரங்கள் நிம்மதியாக உறங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் கொடியருகே நின்று, சட்டைப்பையின் ஓரத்தை உரசிப் பார்த்தார்.

“சுண்ணாம்பு இல்ல. அதவிட நைஸா இருக்கு. பீங்கான் செய்யிற களிமண்ணா, மாப்ள?”

“மைதா, மச்சான்.”

“எங்கிட்டயேவா?”

“அண்ணே, சத்தியமா மைதாதான்!” என்றாள் மனைவி.

“அவரு சொல்லக் கூடாதுன்னு உங்கிட்ட சத்தியம் வாங்கிருப்பாரே, எனக்குத் தெரியாதா?” என்று மைத்துனர் சிரித்தார்.

மறுவாரம் ரொட்டிக்கடையின் பின்புறக் காலிமனையில் துளைப்பொறி ஒன்று வந்து நின்றது. அவர் அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்தபடியே அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் இருக்காது, நாளைக்கே போய்விடுவார்கள் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். நண்பகலில் ஓசை மாறியது. பாறையைக் கடந்து, மிருதுவான ஏதோ ஒன்றுக்குள் துளைமுனை வழுக்கிக்கொண்டு இறங்கும் ஓசை. அது அவருக்குத் தெரியாத ஓசையா?

“மாப்ள!” என்று பின்வாசலில் குரல் குதூகலித்தது.

“யாருங்க அது, உங்களையா கூப்பிடறாங்க?” என்றார் கடைக்காரர்.

அவர் கையிலிருந்த மாவைத் தட்டினார். அது போகவில்லை.