சந்தனம் பூசிய அம்பு

ஊரில் எல்லாரிடமும் இருக்கிற ஒரு சாமான் சரண்யாவுக்குப் பிறவியிலேயே கிடையாது. திக்குத் தெரிவதுதான் அது. பிறந்தது தி.நகர், படித்தது தி.நகர், அப்பா தனபாலனின் பாத்திரக்கடை இருப்பதும் தி.நகர். ஆனாலும் பனகல் பார்க்கில் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியே வந்தால் போதும், வேற்றூருக்கு வந்தவள் மாதிரி திருதிருவென்று விழிப்பாள். அப்பேர்ப்பட்டவள் என்ன தொழில் ஆரம்பித்தாள் தெரியுமா? சென்னைக்கு வருகிறவர்களைச் சைக்கிளில் கூட்டிப்போய் ஊரைச் சுற்றிக் காட்டுவது! சிரிக்காதீர்கள். அவள் அம்மா தங்கபுஷ்பம் முதலில் சிரித்தாள், அப்புறம் இரண்டு நாள் பேசவே இல்லை.

சரண்யாவுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது ஹேண்டில்பாரில் மாட்டுகிற ஒரு கருவி. அதிரசம் அளவுக்கு வட்டமாக இருக்கும். வரைபடம் கிடையாது, பேச்சும் கிடையாது. ஓர் அம்பு, அதன் கீழே இன்னும் எவ்வளவு தூரம் என்று ஓர் எண், அவ்வளவுதான். இடையில் வீடு இருக்கிறதா, சுவர் இருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்காது. போக வேண்டிய இடம் எந்தப் பக்கம் என்று மட்டும் நேராகக் காட்டும். எந்தத் தெருவில் புகுந்து போவது என்பது ஓட்டுகிறவர் பாடு. யாரோ இணையத்தில் விற்றதைப் பழையதாகத்தான் வாங்கினாள். மயிலாப்பூர்க் குளம், தேரடி, லஸ், சாந்தோம் என்று ஆறு இடங்களைப் போன் வழியாக அதில் வரிசையாகப் பதிந்து வைத்தாள். ஓரிடம் வந்ததும் அம்பு தானாக அடுத்த இடத்துக்குத் திரும்பிவிடும். சரண்யா பின்னாலேயே போனால் போதும், வழி தெரிந்தவள் மாதிரியே இருக்கும்.

இதில் அவளாகவே போட்ட விதி ஒன்றும் உண்டு. சவாரிக்கு யாரும் செல்போன் கொண்டுவரக் கூடாது. கிளம்பும்போதே எல்லாருடைய போனையும் ஒரு பித்தளை அண்டாவில் போட்டு மூடிவிட வேண்டும். போனைப் பார்க்காமல் ஊரைப் பாருங்கள் என்பதுதான் அவள் விளம்பரம். விளம்பரம் நன்றாகத்தான் இருந்தது. அது தன் கழுத்துக்கே வரும் என்று அவள் நினைக்கவில்லை.

தனபாலன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, சின்னக் கடையில் ஆரம்பித்து மூன்று மாடி கட்டியவர். மகளின் பத்து சைக்கிள்களும் அவருடைய குடோனில்தான் நின்றன. தீபாவளிக்குச் சரக்கு வந்து இறங்க வேண்டிய இடம் அது. மகள் செய்வதை அவர் ஒருநாளும் தொழில் என்று சொன்னதில்லை. "ஒன் வெளையாட்டு" என்பார். அவருக்கு ஒரே ஒரு பயம்தான். "இல்லாத சரக்கை இருக்குன்னு சொல்லி விக்கவன் கடை நிக்காதுட்டி. ஒனக்கு வழி தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்லா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன விடுதியை நடத்துகிற மஹ்விஷ் என்ற பெண், விஜயதசமி அன்று காலையில் தானே ஒரு தடவை சவாரி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். பிடித்திருந்தால் தன் விடுதிக்கு வருகிறவர்களை வாராவாரம் அனுப்புவாள். "அந்தப் பிள்ள சரின்னு சொல்லட்டும், குடோன் ஒனக்கு. வேண்டாம்னு சொல்லிட்டா மறுநாளே சைக்கிளை வித்துரணும்" என்றார் தனபாலன். சரண்யா ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வாள்?

அதற்கு முந்தைய நாள் ஆயுதபூஜை. தங்கபுஷ்பத்துக்குப் பூஜை என்றால் அரைகுறை கிடையாது. தராசு, கல்லாப்பெட்டி, பில் போடும் மிஷின், மாடிப்படி இரும்புக் கம்பி என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். மகளின் தொழில்மீது கோபம் இருந்தாலும் சாமி விஷயத்தில் ஓரவஞ்சனை செய்யமாட்டாள். பத்து சைக்கிளுக்கும் மாலை போட்டாள். சரண்யாவின் ஹேண்டில்பாரில் இருந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்ததும், இதுதானே முக்கியமான ஆயுதம் என்று தாராளமாக ஒரு கை ஈரச் சந்தனத்தை அப்பி, நட்ட நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள். சரண்யா பதறிப்போய்த் துடைக்க ஓடினாள்.

"பூஜையில வச்சதைத் தொடாதட்டி! காலையில கற்பூரம் காட்டுன பொறவுதான் எடுக்கணும்" என்று அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

விடிந்தது. கற்பூரம் காட்டியாயிற்று. மஹ்விஷ் சொன்ன நேரத்துக்குக் குடோனுக்கு வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும், கலகலப்பான பெண். போன்கள் அண்டாவுக்குள் போயின. அந்த நேரம் பார்த்துத் தனபாலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சைக்கிளை உருட்டி வந்தார்.

"நானும் வாரேன். எட்டு மணிக்கு மேலதான கடை திறக்க நல்ல நேரம். ஒன்பதுக்குள்ள வந்துருவோம்லா?"

சரண்யா சரி என்று தலையாட்டிவிட்டுச் சந்தனத்தைத் துடைத்தாள். துடைத்ததும் பட்டியலைத் தட்டிப் பார்த்தாள். ஆறு இடம் இருக்க வேண்டிய பட்டியலில் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் பெயரில்லாமல். அம்பு கிழக்கே மயிலாப்பூர்ப் பக்கம் காட்டாமல் வேறு எங்கோ சாய்ந்து நின்றது. தொட்டால் வேலை செய்கிற கண்ணாடிக்கு ஈரச் சந்தனம் என்ன, ஈர விரல் என்ன? எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று ராத்திரி அது கேட்டிருக்கும், சந்தனமும் ஆமாம் என்று சொல்லியிருக்கும். பழைய சொந்தக்காரர் எப்போதோ பதிந்துவைத்த ஏதோ ஓர் இடம் மட்டும் தப்பிப் பிழைத்து மேலே வந்திருந்தது.

போனை எடுத்தால் ஒரு நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். ஆனால் முதல் சவாரியில், அப்பா முன்னால், மஹ்விஷ் முன்னால், தான் போட்ட விதியைத் தானே உடைத்து அண்டாவுக்குள் கைவிடுவதா? மானம் போகும். "போகலாமா?" என்று கேட்டுவிட்டு மிதித்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயந்துகொண்டே போனாலும், இந்த அம்பு எங்கே காட்டுகிறது என்கிற குறுகுறுப்பு அவளுக்கு முதல் திருப்பத்திலேயே வந்துவிட்டது. சாலையெங்கும் முந்தைய நாள் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய்கள் குங்குமமும் சதையுமாகச் சிதறிக் கிடந்தன. அவற்றில் வழுக்காமல் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டியிருந்தது. ஆழ்வார்பேட்டை தாண்டி, அபிராமபுரத்தின் அமைதியான தெருக்களில் புகுந்தார்கள். அம்பு ஒரு வீட்டுக் காம்பவுண்டைக் காட்டினால் அதைச் சுற்றிப் போக இடப்பக்கத் தெருவா, வலப்பக்கத் தெருவா? தப்பான தெருவில் திரும்பினால் தூரம் ஏறும், சரியானதில் திரும்பினால் இறங்கும். கொஞ்ச நேரத்தில் அது ஒரு விளையாட்டு மாதிரியே ஆகிவிட்டது. மஹ்விஷ் பக்கத்தில் வந்து எண்ணை எட்டிப் பார்த்து, "குறையுது, குறையுது!" என்று கத்தினாள்.

வாழைக்கன்று கட்டிய தண்ணீர் லாரி ஒன்று பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பம்பருக்கடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. தனபாலன் சைக்கிளை நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"முப்பது வருசமா இந்த ஊர்ல இருக்கேன். இப்படி ஒரு தெரு இருக்கதே எனக்குத் தெரியாது" என்றார். அவருக்குத் தெரிந்த சென்னை கடை, வீடு, சரக்கு எடுக்கிற சௌகார்பேட்டை, வெள்ளிக்கிழமைக் கோயில், அவ்வளவுதான்.

"சரண்யா, குளம் எப்ப வரும்?" என்று மஹ்விஷ் கேட்டாள்.

"அது... கடைசியில" என்றாள் சரண்யா. சொன்ன வாய் கசந்தது. அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். கடையில் தள்ளுபடி கேட்டு நடிக்கிற ஆட்களைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ராஜா அண்ணாமலைபுரத்தின் கடைசியில் தெரு ஒடுங்கியது. அப்புறம் சந்தாயிற்று. சந்தின் முடிவில் ஓர் இடிந்த சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அடையாற்றுத் தண்ணீர். அம்பு அசையாமல் ஆற்றையே காட்டிக்கொண்டு நின்றது. இன்னும் அரைக் கிலோமீட்டர் என்றது எண்.

ஒரு வீட்டு வாசலில் குடத்தோடு நின்றிருந்த தேவானை என்கிற பெண் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். சுற்றியிருந்த வீடுகளை அரசாங்கம் காலிசெய்து ஆட்களைப் புறநகருக்கு அனுப்பியபிறகு அந்தச் சந்தில் மிஞ்சிய சில குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று.

"இன்னாமா, எங்க போணும்?"

"இது காட்டுற எடத்துக்கு" என்று சரண்யா கருவியைக் காட்டினாள்.

தேவானை குனிந்து பார்த்தாள். "அட, இது இன்னா, தண்ணியக் காட்டிக்கினு கீது? நீச்சல் தெரியுமா ஒனக்கு?" என்று சிரித்தாள். "அந்தாண்ட போணும்னா இப்டியே திரும்பிப் போயி பிரிட்ஜு மேல ஏறு. இத்த நம்பினா ஆத்துலதான் எறங்கணும்."

மஹ்விஷும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அடுத்த ஸ்டாப் என்னன்னு சொல்லுங்க சரண்யா. எங்க போறோம் நாம?"

அடையாறுப் பாலத்துப் பக்கம் ஒரு பழைய சத்திரம் இருக்கிறது, அதைக் காட்டத்தான் கூட்டி வந்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. யார் கண்டார்கள்? மஹ்விஷ் நம்பியிருப்பாள். குடோனும் கிடைத்திருக்கும். பத்து சைக்கிளும் கண்முன்னால் வந்து நின்றன. சரண்யாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"தெரியாதுங்க" என்றாள். "நான் போட்டு வச்சிருந்த இடமெல்லாம் நேத்து பூஜையில அழிஞ்சுபோச்சு. இது யாரோ பழைய ஓனர் வச்சிருந்த இடம். கிளம்பும்போதே எனக்குத் தெரியும். சொல்லாம கூட்டிட்டு வந்துட்டேன். குளம் கடைசியில வரும்னு சொன்னதும் பொய். எனக்கு இந்தக் கருவி இல்லாம வழியும் தெரியாது. மன்னிச்சிருங்க."

மஹ்விஷ் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள். பிறகு சரண்யாவின் தோளில் கைவைத்தாள்.

"இவ்வளவு நல்ல காலை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு, நிஜமா. ஆனா என் கெஸ்ட்டை இப்படி அனுப்ப முடியாதுங்க. குளத்தைப் பார்க்கணும்னு வர்றவங்களை ஆத்தங்கரைச் சுவர்ல கொண்டுவந்து நிறுத்தினா என்கிட்டதான் கேப்பாங்க. ஸாரி. கொஞ்ச மாசம் ஓட்டிப் பழகிட்டு மறுபடி கூப்பிடுங்க, கண்டிப்பா வர்றேன்." தனபாலனிடம் திரும்பி, "வரேன் அங்கிள். சைக்கிளை உங்க குடோன்லயே விட்டுட்டு போனை எடுத்துக்கறேன். இங்கேர்ந்து எனக்கு வழி தெரியும்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

அவ்வளவுதான், போயிற்று. சரண்யா சுவரோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. குனிந்து அந்த வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரைக் கிலோமீட்டர்தான?" என்றார்.

"என்னப்பா?"

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. எதைக் காட்டுதுன்னு பாக்காம போனா எனக்கு இன்னைக்குச் சோறு எறங்காதுட்டி."

"நல்ல நேரம் முடிஞ்சிரும்பா. கடை திறக்கணும்லா?"

"சாவி ஒங்கம்மாகிட்டதான இருக்கு? அவ திறக்கட்டும். ஏறு வண்டியில!"

முப்பது வருஷத்தில் ஒரு விஜயதசமிக்கும் நேரம் தவறாமல் கடை திறந்த மனுஷன் சொல்கிற பேச்சா இது! சரண்யா ஏறி உட்கார்ந்தாள். தேவானை சொன்ன வழியில் திரும்பிப் பாலத்தில் ஏறினார்கள். ஆற்றங்கரையைவிட்டு விலகிப் போகப்போக எண் ஏறியது. பாலத்தைத் தாண்டி அடையாறில் இறங்கித் திரும்பியதும் மறுபடி குறைய ஆரம்பித்தது. இப்போது முன்னால் போனவர் தனபாலன்தான். ஒவ்வொரு முனையிலும் நின்று, "எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லு!" என்று அவசரப்படுத்தினார். சரண்யாவுக்குத் தோற்றுப்போனது ஒரு நிமிஷம் மறந்தேவிட்டது.

மரங்கள் அடர்ந்த ஒரு தெரு. எண் இறங்கிக்கொண்டே வந்து பூஜ்யத்தில் நின்றது. அம்பு மறைந்து ஒரு வட்டம் வந்தது. அப்பாவும் மகளும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கோயிலும் இல்லை, மாளிகையும் இல்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில், ஒரு காம்பவுண்டுச் சுவரோரம், ஒரு பஞ்சர் கடை. காற்றடிக்கிற மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழையிலையில் பொரி பரப்பி, ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

"இதுக்கா?" என்று தனபாலன் வாய்விட்டுச் சிரித்தார். மரத்தடியில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். சரண்யா அவர் இப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்காரர் தங்கவேல் எழுந்து வந்தார். கருவியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அடடே, வைதேகி மேடம் டப்பா ஆச்சே இது! வாராவாரம் இத்த மாட்டிக்கினு காத்து அடிக்க வருவாங்க. ஊர்ல எங்க சுத்தினாலும் நம்ம கடைக்குத்தான் வருவேன்னு சொல்லுவாங்க. வேலை மாத்தி பெங்களூர் பூட்டாங்க. உங்களாண்ட வித்துட்டாங்களா?" அம்பின் மர்மம் அவ்வளவுதான். நல்ல பஞ்சர் கடை கிடைத்தால் சைக்கிள்காரர்கள் வேறு என்ன செய்வார்கள்?

"வாங்க சார், நீங்கதான் மொத போணி. இன்னா வேலை?"

வேலை ஒன்றும் இல்லை. இரண்டு சைக்கிளிலும் காற்று கும்மென்று இருந்தது. ஆனால் விஜயதசமியன்று ஒரு கடை வாசல்வரை வந்துவிட்டு, முதல் போணி பண்ணாமல் திரும்பிப்போவதற்குத் தனபாலன் என்ன கடை வைக்காதவரா? "காத்தைச் சரி பாருங்க. செயினுக்கு எண்ணெய் போடுங்க" என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். தங்கவேல் வேலை செய்கிற விதத்தைக் கண்கொட்டாமல் கவனித்தார். பொரியை எடுத்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். சரண்யா தள்ளி நின்று, இந்தச் சைக்கிள்களை யாரிடம் விற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நம்மகிட்ட பத்து வண்டி இருக்கு" என்று அப்பாவின் குரல் கேட்டது. "தி.நகர்ல, எங்க குடோன்ல நிக்குது. அங்கேயேதான் நிக்கும். மாசம் ஒரு தடவை வந்து பாத்துக் குடுப்பீங்களா?"

சரண்யா திரும்பிப் பார்த்தாள். அப்பா அவள் பக்கமே பார்க்கவில்லை.

"தாராளமா சார். பத்து வண்டியா! வாடகைக்கு வுட்றீங்களா? உங்க கடையா?"

"எங்கடை பாத்திரக்கடை. இது எம்பொண்ணு கடை."

எண்ணெய் டப்பாவை வைத்துவிட்டுத் தங்கவேல் போனை எடுத்தார். "அட்ரஸ் சொல்லு சார், எய்திக்கிறேன். கடை பேரு இன்னா?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கிய? மொதலாளி அங்கன நிக்கா, அவகிட்ட கேளுங்க" என்றார் தனபாலன்.