மணி அடிக்காத வகுப்பு

கோணம் சொல்லிக்கொடுக்கும் அந்த இணையக் கருவியில் ஒரு மணிச்சத்தம் உண்டு. பிள்ளைகள் திரையிலுள்ள கோணமானியை இழுத்து வைத்து, அளவைப் படித்து விடையைத் தட்டுவார்கள். சரியென்றால் ‘டிங்’. தப்பென்றால் சத்தமே வராது. கணக்கு டீச்சரான நான் அந்த ‘டிங்’கை நம்பித்தான் மூன்று மாதமாகக் காலம் தள்ளினேன்.

என் கண்ணின் நடுவில் புகை படிந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் அதுதான் மறையும், சுற்றியுள்ளதெல்லாம் தெரியும். வீட்டுக்காரரிடம்கூட மூச்சுவிடவில்லை. வெளியே தெரிந்தால் வகுப்பைப் பிடுங்கிவிடுவார்கள். வகுப்பை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

அன்று தலைமையாசிரியை என் பாடத்தைப் பார்வையிட வந்தார். வந்ததும் வராததுமாக, “பக்கத்து ரூம்ல பரீட்சை நடக்குது டீச்சர், ஸ்பீக்கரை நிறுத்திட்டேன்,” என்றார்.

இனி ‘டிங்’ கேட்காது.

முதலில் வந்தவள் வகுப்பின் வாயாடி. “நாப்பத்தேழு,” என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். கெட்டிக்காரப் பெண், என்றைக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறாள்?

“சபாஷ்! எல்லாரும் கைதட்டுங்க.”

ஒருவரும் தட்டவில்லை.

“டீச்சர், சிவப்புல தப்புன்னு வந்திருக்கு,” என்றாள் வாயாடி மெதுவாக.

“கவனிக்கிறீங்களான்னு பார்த்தேன்,” என்று சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே சகிக்கவில்லை.

தலைமையாசிரியை எழுந்து முன்னால் வந்தார். “அப்போ சரியான அளவு என்ன டீச்சர்?”

“நாப்பத்திமூணு,” என்று முன்பெஞ்சில் ஒரு முணுமுணுப்பு. பக்கத்திலிருந்து இன்னொன்று. தயக்கமே இல்லாத, பழகிப்போன முணுமுணுப்பு. பிள்ளைகளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மூன்று மாதமாக இந்தப் பொடிசுகள்தான் என்னைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன.

“நாப்பத்திமூணு மேடம்,” என்றேன்.

“யாரும் வாயைத் திறக்கக்கூடாது,” என்று பிள்ளைகளை அதட்டிவிட்டு மவுஸைச் சொடுக்கினார். “புதுக் கோணம் வந்திருக்கு. நீங்களே படிங்க.”

திரையை நேராகப் பார்த்தேன். கோணம் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் இருந்தது. முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு கோடுகள் தெரிந்தன, எண்கள் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். முன்பெஞ்சில் வாயாடி விசும்பத் தொடங்கினாள்.

“தெரியல மேடம்,” என்றேன்.

அவர் திட்டவில்லை. மேஜையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “நீங்க போய் ஸ்டாஃப் ரூம்ல உட்காருங்க. மீதியை நான் பார்த்துக்கிறேன்.”

பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எந்த முகத்தை நேராகப் பார்த்தாலும் அந்த முகமே காணாமல் போனது.