விடுதி முகவரி

கல்லூரிக்குள் ஓட்டுச்சாவடி வேண்டும் என்று நூலகரம்மா மூன்று வருஷம் ஒற்றைக்காலில் நின்றாள். "படிக்கிற இடத்துல அரசியல் எதுக்கும்மா?" என்று முதல்வர் முகம் சுளித்தார். அவள் விட்டாளா? நானூறு பிள்ளைகளை விரட்டிப் பிடித்து, வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயரை விடுதி முகவரிக்கு மாற்ற வைத்தாள்.

கடைசியில் சாவடி வந்தது, அவளுடைய நூலகத்துக்கே. கூடவே முதல்வரின் சுற்றறிக்கையும் வந்தது: தேர்தலை முன்னிட்டு விடுதி மூன்று நாள் மூடப்படும். அந்தப் புண்ணியவானுக்கு வேறெப்படி யோசனை போகும்! பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தேர்தலன்று சாவடி அதிகாரி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மதியம்வரை காவலாளியும் விடுதிச் சமையல்காரரும்தான் வந்து போனார்கள். வரிசைக்காகக் கட்டிய கயிறு சும்மா தொங்கியது.

"நீங்களாவது போடுங்கம்மா. இங்கதானே குடியிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

கணவரைப் பிரிந்து வந்த நாள் முதல், ஆறு வருஷமாக, விடுதிக்குப் பின்னால் ஓர் அறையில்தான் இருக்கிறாள்.

"என் பேரு இதுல இருக்காது சார். பழைய வீட்டு முகவரியில இருக்கு."

அதிகாரி சிரித்துவிட்டார். "நானூறு பேருக்கு மாத்திட்டு, உங்களுக்கு மாத்த மறந்துட்டீங்களா?"

அவள் கயிற்றின் தளர்ந்த முடிச்சை இழுத்துக் கட்டினாள்.

"மறக்கல சார். அந்தப் பட்டியல்ல மட்டும்தான் நானும் அவரும் இன்னும் ஒரே வீட்டுல இருக்கோம்."