இருபத்தாறு கதவுகள்

ஒரு கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அடித்துச் சொல்லக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான். ஒன்றுமில்லை. வெறும் சுவர்.

கட்டப்படும் விடுதிக்கு உள்ளலங்காரம் செய்பவன் நான். "சுத்துவட்டாரத்தோட உயிர் உள்ள தெரியணும்" என்றார் முதலாளி. சாலை விரிவாக்கத்துக்காகப் பக்கத்தில் இடித்த வீடுகளின் கதவுகள் இருபத்தாறை வாங்கி, மூன்றாம் மாடி நடைவழிச் சுவரில் அறையச் சொன்னேன். உயிர் தயார்.

தச்சர் மட்டும் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு இடத்திலும் சுவரைத் தட்டுவார். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"சுவருக்குள்ள யாருண்ணே? காபி கேக்கப்போறாங்களா?"

"கேட்டா என் வாய் தேஞ்சா போயிரும்?"

மூன்று மணிக்கு முதலாளி பார்க்க வருவதாக இருந்தது. தச்சர் சாப்பிடப் போயிருந்தார். கடைசிப் பச்சைக் கதவை நானே மாட்டினேன். அந்த இடத்தில் பூச்சுக்குப் பதில் ஒரு பலகை சாத்தியிருந்தது. அதன் மேலேயே வைத்துப் பதினான்கு திருகாணிகளை இறுக்கினேன்.

நாலடி நடந்திருப்பேன். டொக். டொக். டொக்.

பச்சைக் கதவு. அதற்குப் பின்னாலிருந்துதான்.

"மாப்ள..."

ஆவிக்கு என் உறவுமுறை எப்படித் தெரியும்?

"இருட்டாயிருச்சுடா. தொறடா!"

அக்கா வீட்டுக்காரர். இதே விடுதியில் குழாய் வேலை செய்பவர். குழாய்கள் இறங்கும் பொந்துக்குள் மேல்மாடி வழியாகப் போனவர், கம்பிப் படியில் இறங்கி வந்திருக்கிறார். அவர் வெளியே வரும் வழிதான் அந்தப் பலகை. அவருக்குக் கீழே மூன்று மாடி வெறுமை.

"மேலேயே போயிருங்க மாமா!"

"கால் மரத்துப்போச்சு. கையும் வழுக்குது."

ஆவி என்றால் ஓடியிருக்கலாம். இது அக்கா புருஷன்.

திருகும் மெஷினில் சார்ஜ் இல்லை. கையால் கழற்ற ஆரம்பித்தேன். வியர்வையில் ஸ்குரூடிரைவர் நழுவி நழுவி விழுந்தது.

"பேசிக்கிட்டே இருங்க மாமா."

"என்னத்தப் பேச? உங்க அக்காவக் கட்டுனதுலேர்ந்து பேசவா விட்டீங்க?"

ஒன்பதாவது திருகாணியில் பேச்சு நின்றது.

"மாமா? மாமா!"

 மிச்ச ஐந்தையும் எப்படிக் கழற்றினேன் என்று தெரியாது. கதவு என் மேல் சாய்ந்தது. பலகையைப் பிடுங்கினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தார். சட்டையைப் பற்றி இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம்.

"ஏன் பேசல?"

"நீ எத்தன கழட்டுறேன்னு எண்ணிக்கிட்டிருந்தேன்டா."

தச்சர் சாப்பிட்டுத் திரும்பி வந்தார். பச்சைக் கதவைக் கொஞ்சம் தள்ளி மாட்ட, பொந்து இல்லாத வெறும் கான்கிரீட் சுவரோரம் கொண்டுபோய்ச் சாய்த்தார். மாமா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கட்டடத்தில் இருந்த எல்லோரும் என் கண்ணெதிரில்தான் இருந்தார்கள்.

இருவரும் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு விரல் முட்டியால் அந்தக் கான்கிரீட் சுவரை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்தேன்.