கலுங்குக்கு ஒரு பொட்டு

ஜாஸ்பருக்கு வேண்டியிருந்தது கூரை மாற்ற ஓர் அனுமதி. அவ்வளவுதான்.

மாங்குழிவிளை ஜங்ஷனில், பாசனச் சானலின் மேல் சாலை கடக்கிற இடத்தில், இருபுறமும் முட்டளவு உயரத்தில் ஒரு சிமென்ட் திட்டு உண்டு. கலுங்கு என்பார்கள். அதற்கு நேர் எதிரே ஜாஸ்பரின் சாயாக்கடை. கையில் கிளாஸோடு போய்க் கலுங்கில் உட்கார்ந்தால்தான் ஊராருக்குச் சாயா இறங்கும். கடையின் கூரைத் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. புதுத் தகரம் வாங்கி வீட்டு மாட்டுக்கொட்டிலில் சாத்தியும் வைத்தாயிற்று. இடம் புறம்போக்கு. மழைக்கு முன்னால் முறையாகக் கேட்டுவிட்டு ஏற்றலாம் என்று பேரூராட்சிக்குப் போனார். அங்கே இருந்தவர் தலையைத் தூக்காமலே, "சனிக்கெழம ஹாலில கூட்டம் இருக்கு. ஊரை எப்பிடி மாத்தணும்னு ஊருகாரங்க கிட்டயே கேக்கப் போறாவ. அதில சொல்லும்" என்றார்.

போனார். கூட்டம் பழக்கதோஷத்தில் ஜெபத்தோடு தொடங்கியது. சென்னையிலிருந்து வந்திருந்த திட்டக்காரர் மிருணாளினி மேடம், கைத்தறிச் சேலையும் கழுத்தில் சுட்டமண் மணிகளுமாக, சுவர் கொள்ளாத ஒரு வரைபடத்தின் முன் நின்றார்.

"உங்க ஊரோட பாரம்பரியம் எதுன்னு நாங்க சொல்லப் போறதில்ல. நீங்கதான் எங்களுக்குச் சொல்லப் போறீங்க" என்றார். ஆளுக்கு ஒரு பச்சைப் பொட்டு கொடுத்தார்கள். மனசுக்கு நெருக்கமான இடத்தில் ஒட்ட வேண்டும். அடுத்த சனிக்கிழமை வரை வரைபடம் ஹாலிலேயே இருக்கும். அதிகப் பொட்டு விழுந்த இடத்தைப் புதுப்பிப்பார்கள்.

மனசுக்கு நெருக்கமான இடம் என்றால் என்ன? ஜாஸ்பர் தன் கூரையைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள், கல்ஃபில் சம்பாதித்து வந்து காண்டிராக்ட் எடுக்கும் எபிசன் எழுந்தார்.

"மேடம், ஆரெல்லாம் நிக்கினும்?"

"யாரும் நிக்க வேண்டாம் சார், பின்னால சேர் இருக்கு."

எபிசன் உட்கார்ந்தார். ஆனால் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்று, கடைசித் தேதி, கடைசியில் எண்ணுவது. இதற்குப் பெயர் தேர்தல். மாங்குழிவிளைக்குத் தேர்தல் புதிதா? சபைத் தேர்தல் வந்தால் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் இருந்து ஆராதிக்க மாட்டார்கள். அங்கே எபிசன் ஓர் அணி. ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கி மேலாளர் சுந்தர்சிங் இன்னோர் அணி. மூன்றாவதாக ஓர் எண்ணம் ஊரில் யாருக்கும் வந்ததில்லை.

மறுநாள் ஆராதனை முடிவதற்குள் வேட்பாளர்கள் ரெடி. சுந்தர்சிங் அணிக்குப் பழைய பள்ளிக்கூடக் கட்டிடம். அதன் அஸ்திவாரக் கல்லில் அவருடைய தாத்தாவின் பெயர் இருக்கிறது. எபிசன் அணிக்குக் குளம். அதன் படிக்கட்டுக்கு சிமென்ட் பூசியது அவர். ஆட்டோவில் ஆட்களை ஏற்றி வந்து பொட்டு ஒட்டினார்கள். போன மாதம் அடக்கம் செய்யப்பட்டவரின் பொட்டும் குளத்தில் விழுந்திருப்பதாகச் சுந்தர்சிங் அணி முறையிட்டது. யாரிடம் முறையிடுவது என்று தெரியாததால் ஜாஸ்பரிடம் முறையிட்டது.

"லேய் ஜாஸ்பரே, உனக்க பொட்டு பள்ளிக்கூடத்துக்குத்தானே?" என்றார் சுந்தர்சிங், கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி.

"சாரே, எனக்கு இந்தக் கூரை காரியம்..."

"அதெல்லாம் ஜெயிச்சப் பொறவு பாப்போம்."

சாயங்காலம் அதே பெஞ்சில் எபிசன். "அண்ணாச்சி, கொளத்த மறந்துராதியும்."

கடையை அடைத்துவிட்டு வந்த ஜாஸ்பர், பொட்டைக் கட்டைவிரலில் ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். எத்தனை தடவை பார்த்தாலும் அது கூரைக்கு அனுமதி மாதிரித் தெரியவில்லை. மனைவி நேசபாய்தான் வழி சொன்னாள்.

"பள்ளிக்கூடத்தில ஒட்டினா அந்தப் பக்கம் சாயா குடிக்காது. கொளத்தில ஒட்டினா இந்தப் பக்கம் குடிக்காது. ஒட்டாம இருந்தா ரெண்டு பக்கமும் குடிக்காது. கேட்டியளா, பேசாம நம்ம கலுங்கில ஒட்டிட்டு வாருங்க. அதுக்குக் கட்சி கெடையாது."

ஒட்டினார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள், கடற்கரையிலிருந்து தினமும் மீன் கொண்டுவரும் ரீத்தா, கூடையை இறக்கிவிட்டுக் கடை முன்னால் நின்றாள்.

"அண்ணே, எனக்கும் ஒரு பொட்டு தந்தாவ. ரெண்டு கட்சி வீட்டுக்காரியளும் எனக்கிட்டதான் மீன் வாங்குதாவ. நான் இத எங்க கொண்டு ஒட்ட? நெத்தியிலயா?"

"கலுங்கில ஒட்டு மக்கா. ஆருக்கும் மனஸ்தாபம் வராது."

ரீத்தா ஒட்டினாள். இந்தக் கட்சியில் பிறந்து அந்தக் கட்சியில் வாழ்க்கைப்பட்டவர்கள் ஒட்டினார்கள். இரண்டு பக்கமும் கடனுக்குக் கொடுத்திருந்த பலசரக்குக் கடைக்காரர் ஒட்டினார். வாழ்க்கையில் ஒரு வார்டு தேர்தலில்கூட ஜெயித்திராத ஜாஸ்பருக்கு ரத்தம் சூடாயிற்று. ரசவடையைப் பொட்டலம் கட்டும்போதெல்லாம் தாழ்ந்த குரலில், "கலுங்கு, மறக்காண்டாம்" என்று சேர்த்துக் கட்டினார்.

கடைசி நாள் குளம் முந்துவதாகத் தெரிந்தது. "நாம ஜெயிக்கல்லண்ணா போகட்டும். அவன் ஜெயிக்கப்பிடாது" என்று சுந்தர்சிங் தன் அணிப் பொட்டுகளை நகத்தால் உரித்துக் கலுங்குக்கு மாற்றினார். கலுங்கு சுந்தர்சிங்கின் கையில் போய்விடும் என்று பயந்த எபிசனும் தன் பொட்டுகளை உரித்து அங்கேயே ஒட்டினார். பள்ளிக்கூடத்திலும் குளத்திலும் பசைத் தடம் மட்டும் மிச்சம்.

சனிக்கிழமை மிருணாளினி மேடம் வரைபடத்தைப் பார்த்துக் கண்கலங்கினார்.

"எந்த ஊருக்குப் போனாலும் கோயில், சர்ச், குளம்னுதான் சொல்வாங்க. நீங்க ஒரு எளிய கலுங்கைத் தேர்ந்தெடுத்திருக்கீங்க. ஒரே மனசா! இதுதான் கூட்டு நினைவு."

எதிராளி தோற்ற சந்தோஷத்தில் இரண்டு அணியும் கைதட்டியது. திரையில் படம் வந்தது. கருங்கல் பாவிய தரை, முழங்கால் உயர விளக்குகள், தோளில் துணிப்பை மாட்டிய, ஊரில் யாருக்கும் சொந்தக்காரர் அல்லாத சில மனிதர்கள். நடுவில் கலுங்கு, கல்யாணப் பெண்போல. ஜாஸ்பர் படத்தை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் தேடினார்.

"மேடம், எனக்க கடை எங்க?"

"அந்த ஷெட்டா சார்? அது வியூவ மறைக்குது. அத எடுத்தாத்தான் கலுங்கு முழுசா தெரியும்."

சொந்தக் கடையை இடிக்கவா இத்தனை நாள் ஓட்டுக் கேட்டோம்? ஜாஸ்பர் எழுந்தார். "மறுபடி எண்ணணும்" என்றார். என்ன எண்ணினால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை.

"நீ தானலே ஒட்டச் சொன்ன?" என்ற சுந்தர்சிங், பாதியில் நிறுத்தினார். வேறு ஏதோ ஞாபகம் வந்தது. "அப்பம் நாம சாயாவுக்கு எங்க போவ?"

"அதானே!" என்றார் எபிசன். "சாயா இல்லாம கலுங்கில போயி இருக்க நமக்கென்ன கிறுக்கா?"

இருவரும் ஒரே பேச்சைப் பேசியதில் ஹால் திடுக்கிட்டது. அவர்களும் திடுக்கிட்டார்கள். மேடம் பேனாவைக் கடித்து யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அப்போ கடையும் பாரம்பரியம்தான்! உயிருள்ள பாரம்பரியம்! அப்படியே பாதுகாக்கிறோம்."

ஜாஸ்பருக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சூட்டிலேயே கூரை விஷயத்தைக் கேட்டார்.

"ஐயோ, தொட்டுடாதீங்க சார்! அந்தத் துருதான் அழகே. ஒரு ஆணி மாறக் கூடாது."

அதையே ஒரு பலகையில் எழுதிக் கடை முன்னால் நட்டார்கள். கலுங்கைச் சுற்றிச் சங்கிலி கட்டினார்கள், வேலை முடியும் வரை யாரும் உட்காரக் கூடாது என்று. வேலை தொடங்குவதற்குள் பேச்சிப்பாறைப் பக்கமிருந்து மழை வந்துவிட்டது. கலுங்கில் இடமில்லாத ஊர் முழுதும் கடைக்குள் நெருக்கியது. ஒழுகாத ஒரே மூலையில் சுந்தர்சிங்கும் எபிசனும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூலை அத்தனை பெரிதில்லை. சுந்தர்சிங்கின் கிளாஸில் மேலேயிருந்து ஒரு பெரிய சொட்டு விழுந்தது.

"லேய், சாயாவில வெள்ளம் சேக்கியா?"

"வெள்ளம் இல்ல சாரே. பாரம்பரியம்."

பாத்திரங்களைச் சொட்டுக்குச் சொட்டு நகர்த்தி வைத்துக்கொண்டிருந்த நேசபாயிடம் ஜாஸ்பர் மெதுவாகக் கேட்டார். "ஏட்டி, இப்பம் நாம ஜெயிச்சமா, தோத்தமா?"

"எனக்கு மனசிலாவல்ல. புதுத் தகரம் சும்மா கெடந்து துருப்பிடிக்கண்டாம்னு மாட்டுக்கொட்டிலுக்கு ஏத்தச் சொல்லிட்டேன். பசு நனையாம நிக்குது."

ஜாஸ்பர் யோசித்துப் பார்த்தார். ஊரில் எங்கேயும் பொட்டு ஒட்டாதது அந்தப் பசு ஒன்றுதான்.